கம்ப்ரசர் காத்துக்கு மாசம் எவ்வளவு காசு, எவ்வளவு கார்பன்? நாமளே போடற கணக்கு

சேலம் பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல பதினெட்டு வருஷமா எலெக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ் பாக்கறேங்க. ஈ.பி. பில் வந்த அன்னைக்கு ஆபீஸ்ல ரிங் ஃப்ரேமைப் பத்தி கேப்பாங்க, ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனைப் பத்தி கேப்பாங்க, லைட்டைக் கூட கேப்பாங்க, ஆனா மூலையில தனி ரூமுக்குள்ள ராத்திரி பகலா காத்தை அமுக்கி மெஷினுங்களுக்கு அனுப்பிட்டு இருக்கற கம்ப்ரசரைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. காத்துதானே, சும்மா கிடைக்கறதுதானேன்னு ஒரு நெனப்பு. உண்மை என்னன்னா மில்லுல நாம பயன்படுத்தற சக்திலயே ரொம்ப விலை ஒசந்தது அந்த காத்துதான். கம்ப்ரசருக்கு குடுக்கற கரண்ட்ல பெரும்பகுதி சூடா மாறி வெளிய போயிருது, நூலை கோன்ல சுத்தற ஆட்டோகோனர் மெஷின்ல, அறுந்த நூலை காத்தாலயே சேக்கற ஸ்ப்ளைசர் முனையில உருப்படியான வேலையா கிடைக்கறது 10லருந்து 15 சதவீதம் இருந்தாலே பெரிசு. பத்து வருஷம் ஒரு கம்ப்ரசரை ஓட்டினா ஆகற மொத்த செலவுல முக்கால் பங்குக்கு பக்கமா கரண்ட்டுக்கே போகுது, மெஷின் விலை, ஆயில், ஃபில்டர், சர்வீஸ் எல்லாம் சேத்தாலும் மிச்ச கால் பங்குதான்.

இதை எழுத காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கம்ப்ரசர் டீலர் வந்து, தேவைக்கு ஏத்த மாதிரி மோட்டார் வேகத்தை மாத்திக்கற புது வி.எஃப்.டி. மெஷின் வாங்குனா மாசம் இத்தனை ஆயிரம் மிச்சம்னு ஒரு பேப்பர் நீட்டினாரு. பாத்தா நேம் பிளேட்ல இருக்கற 37 கிலோவாட்டை ஓடின மணி நேரத்தால பெருக்கி வெச்சிருக்காரு, அவ்வளவுதான். அதை நம்பி காசு போட்டிருந்தா சொன்ன மிச்சம் வந்திருக்காது. அதனால யார் என்ன பேப்பர் குடுத்தாலும் மொதல்ல உங்க மெஷினை நீங்களே அளந்து பாருங்க, வயரைச் சுத்திப் புடிச்சு ஆம்ப் பாக்கற ஒரு டாங் டெஸ்டர், போன்ல இருக்கற ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

எங்க மெஷினையே உதாரணமா வெச்சுக்கறேன். 50 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசர், ஒரு எச்.பி.ன்னா 0.746 கிலோவாட், அதனால மோட்டார்ல 37ன்னு போட்டிருக்கும். லோடுல, அதாவது காத்தை அமுக்கி லைனுக்கு குடுத்துட்டு ஓடறப்ப அளந்தா 415 வோல்ட், 62 ஆம்ப், பவர் ஃபேக்டர் (இழுக்கற கரண்ட்ல உருப்படியா வேலைக்கு ஆகற பங்கு) 0.88. கணக்கு என்னன்னா 1.732ஐ வோல்ட்டால பெருக்கு, ஆம்பால பெருக்கு, பவர் ஃபேக்டரால பெருக்கு, கடைசில 1000ல வகுத்துரு, 39.2 கிலோவாட் வருது. இது சுலபம். தப்பு நடக்கறது அடுத்த எடத்துலதான். பிரஷர் ஏறி மெஷின் அன்லோடு ஆனதும், அதாவது காத்து குடுக்காம சும்மா சுத்த ஆரம்பிச்சதும், ஆம்ப் 28க்கு எறங்குது, நம்ம பசங்க அதே 0.88ஐ போட்டு 17.7 கிலோவாட்னு எழுதிருவாங்க. அன்லோடுல பவர் ஃபேக்டர் படுத்துரும்ங்க, எங்களுக்கு 0.55 காட்டுச்சு, அப்ப உண்மையான அளவு 11.1 கிலோவாட்தான். அதனால அன்லோடுக்கு டாங் டெஸ்டரை மட்டும் நம்பாதீங்க, பேனல்ல மல்டி ஃபங்ஷன் மீட்டர் இருந்தா அதுல கிலோவாட்டை நேரா பாத்து எழுதுங்க, இல்லன்னா பவர் அனலைசர் ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. பேனலைத் தொறந்து அளக்கறது லைசென்ஸ் இருக்கற ஆளு கிளவுஸ் போட்டு பண்ற வேலை, ஹெல்ப்பர் பையனை விட்டு பண்ண வைக்காதீங்க.

அடுத்து மணி நேரம். ஸ்க்ரூ மெஷின் கன்ட்ரோலர்ல ரெண்டு அவர் மீட்டர் இருக்கும், மொத்தமா ஓடின நேரம் ஒண்ணு, லோடுல ஓடின நேரம் ஒண்ணு. மாசம் மொத தேதி காலைல எழுதி, அடுத்த மாசம் மொத தேதி அதே நேரத்துல எழுதி கழிச்சுக்கங்க. எங்களுக்கு ஒரு மாசம் ஓடினது 600 மணி, லோடு 390, அப்ப அன்லோடு 210. லோடுக்கு 390 தடவை 39.2, அதாவது 15,288 யூனிட். அன்லோடுக்கு 210 தடவை 11.1, அதாவது 2,331 யூனிட். காத்துல இருக்கற ஈரத்தை எடுக்கற ட்ரையரை மறந்துராதீங்க, அது 1.2 கிலோவாட், 600 மணிக்கு 720 யூனிட். கூட்டினா 18,339 யூனிட். நேம் பிளேட் கணக்குல 22,200 வந்திருக்கும், அதுவும் ட்ரையர் சேக்காமலே. பாருங்க எவ்வளவு தூரம் தள்ளிப்போகுதுன்னு.

யூனிட் ரேட்டுக்கு ஒரு விஷயம் கவனிங்க. மொத்த செலவு எவ்வளவுன்னு சொல்றதுக்கு பில்லுல இருக்கற மொத்த தொகையை மொத்த யூனிட்டால வகுத்து வர்ற ரேட்டை போடலாம், ஒரே நேரத்துல அதிகபட்சமா இழுத்த லோடுக்கு (மேக்சிமம் டிமாண்ட்) போடற டிமாண்ட் சார்ஜ் எல்லாம் அதுல அடங்கிரும். ஆனா 'இதை சரி பண்ணா எவ்வளவு மிச்சம்'னு சொல்லறப்ப அந்த ரேட்டை போடக்கூடாது, ஏன்னா மேக்சிமம் டிமாண்ட் கொறையாத வரைக்கும் டிமாண்ட் சார்ஜ்ல ஒரு பைசா கொறையாது. மிச்சத்துக்கு எனர்ஜி சார்ஜ், பீக் அவர்ல ஓடின பங்குக்கு கூடுதல் ரேட், அதுக்கு மேல மின்சார வரி, இது மட்டும்தான். இங்க படிக்க சுலபமா இருக்கட்டும்னு ரெண்டுக்கும் 8 ரூபான்னே வெச்சுக்கறேன், நீங்க உங்க பில்லைப் பாத்து மாத்திக்கங்க. 8 ரூபான்னா மாசம் 1,46,712 ரூபா. வருஷத்துக்கு 17 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம். அதுல ஒரு துளி காத்து கூட குடுக்காம சும்மா சுத்தின அன்லோடு நேரத்துக்கு மட்டும் மாசம் 18,648 ரூபா, ஒரு ஹெல்ப்பர் சம்பளத்துக்கு பக்கம் வருது.

இனி லீக். இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் பண்ணீங்கன்னா கூட போதும்ங்க, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பி.ஈ.ஈ.யோட எனர்ஜி ஆடிட்டர் படிப்புல சொல்லித் தர்ற ஃபார்முலாதான், புதுசா ஒண்ணுமில்ல. மில்லு மொத்தமா நிக்கற நாளா பாருங்க, எங்களுக்கு ஆடிப் பண்டிகை லீவு கிடைக்கும், கோட்டை மாரியம்மன் கோயில் விசேஷத்துக்கு ஊரே அடைச்சிருக்கும், அன்னைக்கு நானும் ஃபிட்டர் அண்ணனும் மட்டும் ரெண்டு மணி நேரம் வந்து பண்ணிட்டு போயிருவோம். எல்லா மெஷினையும் நிறுத்துங்க, ஆனா லைன் வால்வை மூடிராதீங்க, மூடினா அந்தப் பக்கம் இருக்கற லீக் கணக்குல வராது. கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்க. யாரும் காத்து எடுக்கல, ஆனாலும் கொஞ்ச நேரத்துல பிரஷர் எறங்கி மெஷின் லோடு எடுக்கும். ரூமுக்கு வெளிய நின்னாலே தெரியும், லோடு எடுத்தா சத்தம் கனமா மாறும், அன்லோடு ஆகறப்ப ஒரு புஸ்ஸுன்னு மூச்சு விடும். லோடு எத்தனை செகண்ட், அன்லோடு எத்தனை செகண்ட்னு ஸ்டாப்வாட்ச்ல எழுதுங்க, மொத சுத்தை விட்டுருங்க, அடுத்த ஆறு சுத்துக்கு சராசரி எடுங்க.

எங்களுக்கு லோடு 80 செகண்ட், அன்லோடு 220 செகண்ட். 80ஐ 300ல வகுத்தா 26.7 சதவீதம். அதாவது மெஷினோட முழு சக்தில நாலுல ஒரு பங்குக்கு மேல ஓட்டை வழியா போகுது. இதோட நிறுத்திட்டா விஷயத்தோட கனம் தெரியாதுங்க. அந்த மாசம் கம்ப்ரசர் லோடுல இருந்ததே 600ல 390 மணி, 65 சதவீதம்தான். அந்த 65ல 26.7 லீக்குன்னா, தயார் பண்ண காத்துல 41 சதவீதம் எந்த மெஷினுக்கும் போகல. இந்த நம்பரை மேனேஜர் கிட்ட காட்டின அன்னைக்குத்தான் ஃபிட்டிங்ஸ் வாங்க கையெழுத்து கிடைச்சுச்சு. இதுலயும் மெஷின் நிக்கறப்ப உள்ள இருக்கற சொலினாய்ட் வால்வு மூடிக்கும், அதுக்கு அப்பால இருக்கற லீக் இந்த டெஸ்ட்ல மாட்டாது, அதனால நிஜம் இதைவிட கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

இதை காசா கணக்கு போடறப்ப இன்னொரு தப்பு நடக்கும், ஆடிட் ரிப்போர்ட்டுலயே நான் பாத்திருக்கேன். 26.7 சதவீதம் லீக், 39.2 கிலோவாட், பெருக்கினா 10.5 கிலோவாட் மிச்சம்னு எழுதிருவாங்க. லீக்கை அடைச்சா கம்ப்ரசர் நின்னுராதுங்க, லோடுல இருந்து அன்லோடுக்கு போகும், அங்கயும் 11.1 கிலோவாட் தின்னுட்டுதான் இருக்கும். அதனால மிச்சம் வர்றது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், 28.1 கிலோவாட்ல 26.7 சதவீதம், 7.5 கிலோவாட். 600 மணிக்கு 4,496 யூனிட், 35,968 ரூபா. இதுதான் நேர்மையான நம்பர். லீக் கொறைஞ்சு கம்ப்ரசர் நிறைய நேரம் அன்லோடுல கெடந்தா, அதுக்கு அப்பறம் சின்ன மெஷின் மாத்தறதா வி.எஃப்.டி. போடறதான்னு பேசலாம், மொதல்ல லீக்கை அடைச்சுட்டுத்தான் அந்தப் பேச்சு, இல்லன்னா ஓட்டைக்கும் சேத்து பெரிய மெஷின் வாங்கிருவோம்.

லீக்கைத் தேடறது பத்தி சொல்லணும். பெரிய பைப்ல, வெல்டிங்ல இருக்கும்னு நெனப்போம், அங்க இருக்காது. கடைசி ரெண்டு மீட்டர்லதான் இருக்கும், பி.யூ. பிளாஸ்டிக் டியூப் சொருகற ஃபிட்டிங், டக்குனு மாட்டிக் கழட்டற கியூ.ஆர்.சி. கப்ளிங், காத்தை வடிகட்டி பிரஷரை சீராக்கி ஆயில் விடற எஃப்.ஆர்.எல். யூனிட், கிளிப் கிடைக்கலன்னு கட்டுக்கம்பி சுத்தின ஓஸ், இதெல்லாம்தான். அன்னைக்கு பதினாலாம் நம்பர் ஃப்ரேமுக்குப் பின்னாடி எஃப்.ஆர்.எல். கிண்ணத்துக்கு அடியில சோப்புத் தண்ணியை பிரஷ்ஷால தடவினோம், ஒரு செகண்ட் ஒண்ணுமில்ல, அப்பறம் ஒரு குமிழி மெதுவா ஊதி நெல்லிக்கா அளவுக்கு வந்து ஒடைஞ்சுது, மறுபடி ஊதுச்சு. மெஷின் ஓடற சத்தத்துல அது எந்தக் காலத்துலயும் காதுல விழுந்திருக்காது. செவப்பு துணியை கிழிச்சு ஒவ்வொரு எடத்துலயும் கட்டிட்டே போனோம், கடைசில எண்ணிப்பாத்தா இருபத்தி மூணு. ஒரே நாள்ல அடைக்க முடியல, டெஃப்லான் டேப்பும் ஃபிட்டிங்கும் வாங்கி பதினஞ்சு நாள்ல முடிச்சோம். ஒரு அளவுக்கு ஞாபகம் வெச்சுக்கங்க, 7 பார்ல, நம்ம ஆளுங்க 7 கேஜின்னு சொல்ற பிரஷர்ல, 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு இருந்தா செகண்டுக்கு 10 லிட்டர் பக்கம் போகும், அந்தக் காத்தை தயார் பண்ண மூணரை கிலோவாட் மாதிரி ஆகும்.

ஆட்டோ டிரெய்ன் வால்வை தனியா பாருங்க. காத்தை சேத்து வெக்கற ரிசீவர் டேங்க் அடியில தண்ணி எறக்கறதுக்கு டைமர் வெச்சிருப்பாங்க, அழுக்கு மாட்டி அது முழுசா மூடாம நின்னா விடிய விடிய காத்து போகும், தண்ணிதான் போகுதுன்னு நெனச்சுட்டு இருப்போம். அப்பறம் ஷிஃப்ட் முடியறப்ப ஏர் கன் எடுத்து சட்டையில ஒட்டின பஞ்சை ஊதிக்கற பழக்கம். காசு போகுதுங்கறது ரெண்டாவது, தோல்ல ஒரு சின்ன கீறல் இருந்தாலும் அது வழியா காத்து உள்ள போனா உசுருக்கே ஆபத்து, கண்ணு காது போயிரும். இதை மட்டும் எங்க மில்லுல சத்தம் போட்டே நிறுத்த வெச்சேன், தம்பிங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

மெஷின் உண்மையிலேயே சொன்ன காத்தை குடுக்குதான்னு பாக்க ரிசீவர் டெஸ்ட். ரிசீவர் அவுட்லெட்டை மூடி, தண்ணியை வடிச்சு, காத்தை எறக்கிட்டு, 1 பார்ல இருந்து 7 பாருக்கு ஏற எத்தனை செகண்ட்னு பாருங்க. எங்களோடது 1 கன மீட்டர் டேங்க், 65 செகண்ட் ஆச்சு. ஏறின பிரஷர் 6 பார், அதை வெளிய இருக்கற காத்தோட அழுத்தத்தால வகுக்கணும். புத்தகத்துல 1.013 போடுவாங்க, சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் பக்கம் ஒசரம், இங்க 0.98தான் சரி. 6.12 கன மீட்டர் வருது, 65 செகண்டுக்கு அதுன்னா நிமிஷத்துக்கு 5.65. டேங்க்குள்ள காத்து சூடா இருக்கும், அதுக்கும் திருத்தம் உண்டு, வெளிய 33 டிகிரி, உள்ள 45ன்னா ரெண்டோடயும் 273ஐக் கூட்டி, 306ஐ 318ல வகுத்து பெருக்குங்க, 5.4ன்னு நிக்கும். நேம் பிளேட்ல 6 போட்டிருக்கு. பத்து சதவீதம் வரைக்கும் கொறைஞ்சா நான் ஃபில்டரை மாத்திட்டு விட்டுருவேன், அதுக்கு மேல போனா சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவேன். 39.2ஐ 5.4ல வகுத்தா நிமிஷத்துக்கு ஒரு கன மீட்டர் காத்துக்கு 7.3 கிலோவாட், நல்ல நெலைமைல இருக்கற மெஷின்னா 6, ஆறரைக்குள்ள இருக்கணும்.

ஏற்காட்டுல டயர் கடை வெச்சிருக்கற மச்சான் ஒருத்தரு, கீழ சீலநாயக்கன்பட்டில வாங்கின கம்ப்ரசர் மேல ஏத்தினதும் சோம்பேறி ஆயிருச்சு, பிஸ்டன் போயிருச்சுன்னு ஃபோன் பண்ணாரு. பிஸ்டனெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் ஒசரத்துக்குப் போனா வெளிக்காத்தோட அழுத்தமே 0.85 பாருக்கு எறங்கிருது, அதே 7 பாருக்கு டேங்க் நெறைய கீழ ஆகறதை விட 15 சதவீதம் கூட காத்தை உறிஞ்சி ஆகணும், அவ்வளவு நேரமும் கூட ஆகும். மலை மேல இருக்கறவங்க இந்த டெஸ்ட்டை பண்ணா 0.85ஐ போடுங்க, இல்லன்னா நல்ல மெஷினை கழட்டிப் போட்டுருவீங்க.

பிரஷர் பத்தி ரெண்டே வார்த்தை. 1 பார் கொறைச்சா 6லருந்து 7 சதவீதம் பவர் கொறையும். எங்க லைன்ல 6 பார் போதும், ஆனா 7.5ல செட் பண்ணி வெச்சிருந்தாங்க, தூரத்து மெஷின்ல பிரஷர் பத்தலன்னு யாரோ ஒரு நாள் ஏத்தினது அப்படியே நின்னுருச்சு. வாரத்துக்கு கால் பார்னு எறக்கினோம், யாரும் புகார் சொல்லாத வரைக்கும். 6.5ல நிறுத்தினோம், லோடு நேரத்துல மட்டும் மாசம் 1,070 யூனிட் மாதிரி கொறைஞ்சுது, செலவு ஒரு ஸ்பேனர் புடிக்கற நேரம்தான். சித்திரை வெயில்ல சேலம் 40 டிகிரியைத் தொடும், கம்ப்ரசர் விடற சூட்டுக்காத்தே ரூமுக்குள்ள சுத்தி மறுபடி அதுவே உறிஞ்சினா 50 ஆயிரும். ஒவ்வொரு 4 டிகிரிக்கும் 1 சதவீதம் கரண்ட் கூடும், அதனால சூட்டை வெளிய தள்ள ஒரு டக்ட் அடிச்சுருங்க. பஞ்சு மில்லுல சக்ஷன் ஃபில்டர் ஒரு வாரத்துல மெத்தை மாதிரி ஆயிரும், அடைப்பால அழுத்தம் 250 மில்லிமீட்டர் தண்ணி ஒசரம் அளவுக்கு கொறைஞ்சா 2 சதவீதம் கரண்ட் கூடப் போச்சு.

செவ்வாப்பேட்டை பட்டறைங்க, சிட்கோ லேத் ஷாப்புங்க மாதிரி 5 எச்.பி. பிஸ்டன் மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு கணக்கு இன்னும் சுலபம். உங்க மோட்டார் பிரஷர் ஏறினா நின்னுரும், அன்லோடு கெடையாது, அதனால ஓடற நேரத்தை மட்டும் எடுத்தா போதும், லீக்கை அடைச்சா முழு மிச்சமும் கைக்கு வரும். சாயந்திரம் கடை மூடறப்ப கம்ப்ரசரை ஆன்ல வெச்சுட்டு, டீயும் தட்டுவடை செட்டும் சாப்பிடற நேரத்துல எத்தனை தடவை தானா ஸ்டார்ட் ஆகுதுன்னு எண்ணுங்க, அதுவே எல்லாத்தையும் சொல்லிரும்.

கார்பன் கணக்கு இப்ப எல்லாரும் கேக்கறாங்க, வெளிநாட்டு பையர் ஃபார்ம் அனுப்பறாங்க, ஆபீஸ்ல பயந்துக்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, யூனிட் சரியா இருந்தா மிச்சம் ஒரே பெருக்கல். மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் இந்திய கிரிடுக்கு ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு வெளியிடுது, 2023-24க்கு 0.727. எங்க 18,339 யூனிட்டுக்கு 13.3 டன், வருஷத்துக்கு 160 டன். லீக்குக்கு மட்டும் 4,496 யூனிட், மாசம் 3.3 டன். எந்த வருஷத்து நம்பரை போட்டீங்கன்னு பக்கத்துலயே எழுதி வைங்க, அடுத்த வருஷம் நம்பர் மாறினா நீங்க மிச்சப்படுத்தினதா கிரிட் மாறினதான்னு கொழப்பம் வரும், அதனாலதான் நான் எப்பவும் யூனிட்டை மொத கட்டத்துல போடுவேன், கார்பனை அடுத்ததுல.

கரண்ட் போயி ஜெனரேட்டர்ல ஓடின நேரத்தை தனியா பிரிச்சுருங்க. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா 2.68 கிலோ, லிட்டருக்கு 3.3 யூனிட் கிடைச்சா யூனிட்டுக்கு 0.81 கிலோ, டீசல் 92 ரூபான்னா யூனிட் 28 ரூபா. அந்த நேரத்துல லீக்கா போற காத்து மூணு மடங்குக்கு மேல வெலை. இது ஃபார்ம்ல ஸ்கோப் 1ல (நாமளே எரிக்கறது) வரும், ஈ.பி. கரண்ட் ஸ்கோப் 2 (வெளிய வாங்கற கரண்ட்). சொந்த காத்தாலைல இருந்து ஈ.பி. லைன் வழியா கரண்ட் கொண்டு வர்ற (வீலிங் பண்ற) மில்லா இருந்தா ரெண்டு கணக்கு கேப்பாங்க, கிரிட் நம்பரை வெச்சு ஒண்ணு, வாங்கின கரண்ட்டை வெச்சு ஒண்ணு. ரெண்டாவதுல காத்தாலை யூனிட்டை பூஜ்யம்னு போடலாம், ஆனா அந்த யூனிட்டுக்கான பசுமை மின்சார சர்டிஃபிகேட்டை வேற யாருக்கும் வித்திருக்கக் கூடாது, வித்துட்டு பூஜ்யம்னு எழுதினா அது பொய்க் கணக்கு.

எல்லாரும் விடறது ட்ரையர் கேஸ். ட்ரையரை குளிர வைக்கற ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ வெளிய போனா எந்த அறிக்கையோட நம்பரை எடுக்கறீங்கங்கறதைப் பொறுத்து 1,300லருந்து 1,500 சொச்சம் கிலோ கார்பனுக்கு சமம். சர்வீஸ் ஆளு கேஸ் ஃபில் பண்ண வந்தா சிலிண்டரை முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை எடை போடச் சொல்லி பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க.

இருபத்தி மூணு செவப்புத் துணியையும் அவுத்த பின்னாடி மறுபடி ஒரு ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்ணோம். லோடு 30 செகண்ட், அன்லோடு 270. 10 சதவீதம். மாசம் 2,810 யூனிட், 22,480 ரூபா, ரெண்டு டன்னுக்கு கொஞ்சம் மேல கொறைஞ்சுது. மிச்ச 10ஐயும் தேடிட்டுத்தான் இருக்கோம், பாதி ஆட்டோகோனர் உள்ளார இருக்கற டியூப்ல இருக்குன்னு ஃபிட்டர் அண்ணன் சொல்றாரு, அதுக்கு மெஷின் கவரை ஒவ்வொண்ணா கழட்டணும், அடுத்த ஆடி லீவுக்கு அதைத்தான் வெச்சிருக்கோம்.